பதினோரு வீட்டுக்கு ஒரே மணி

குஜ்ரன்வாலா,
வியாழக்கிழமை.

அன்புத் தம்பி ஷௌகத்துக்கு அண்ணன் நியாமத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் இங்கே நானும் உன் அண்ணியும் நலம், அவள் முட்டியைத் தவிர. கராச்சியில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம்.

ஓர் உதவி. எட்டுச் சுவிட்சு ஒரே துண்டாக வருமே, அதில் இருபத்திரண்டு வாங்கி அனுப்பு. ஏன் என்று கேட்பாய். மின்சுற்றைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில் ஆயிரம் சிப் இருந்தும் என்கோடரும் டிகோடரும் இல்லை என்று பாலிடெக்னிக் பிள்ளைகள் புலம்பினார்கள். ரிட்டயர் ஆனவன் சும்மா இருக்கலாமா? மூன்று மாதம் உட்கார்ந்து, இரண்டையும் அதில் சேர்த்துக்கொள்ள லைப்ரரி எழுதி நெட்டில் போட்டேன். வயரில்லாத அழைப்புமணி என்றால், பட்டனிலுள்ள என்கோடர் வீட்டு எண்ணைச் சேர்த்துச் சேதி அனுப்பும். மணியிலுள்ள டிகோடர் அது தன் எண்தானா என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டுதான் மணியடிக்கும். எண் வைக்க ஒவ்வொன்றிலும் எட்டுக் கால், காலுக்கொரு சுவிட்சு, ஆக வீட்டுக்கு இரண்டு துண்டு. மாதிரிப் படத்தில் நான் சோம்பல்பட்டு எட்டையும் கிரவுண்டில் கட்டிவிட்டேன், அதாவது எண் வெறும் பூஜ்யம். 'எண்ணை மாற்றிக்கொள்ளவும்' என்று கீழே எழுதியும் வைத்தேன், யார் படிக்கிறார்கள்? நம் முஹல்லாத் தெருவில் பத்துப் பேர் பெயரை மட்டும் மாற்றி அதையே பார்த்து அழைப்புமணி செய்து வீட்டில் மாட்டிவிட்டார்கள். பெருமைக்கு நானும் ஒன்று மாட்டியிருந்தேன்.

மறுநாள் காலை பால்காரன் பூட்டா முதல் வீட்டில் பட்டனை அழுத்தினான். தெரு முழுக்க மணி. பதினோரு வாசலிலும் ஆட்கள் பாத்திரத்தோடு நிற்கிறார்கள். பூட்டாவுக்கு ஒரே சந்தோஷம், ஒரு அழுத்தில் பால் தீர்ந்தது. மற்றவர்கள் என்னை ஏசினார்கள்.

எதிர்வீட்டு ஹாஜி பர்கத்தும் வந்து நின்றார், அவர் வீட்டிலும் பேத்தி செய்து மாட்டிய மணி உண்டு. ஆறு வருஷமாக என்னோடு பேச்சில்லை, உனக்குத் தெரியும். அவர் ரிப்பேர் கடையில் வாடிக்கையாளர் முன்னாலேயே, இந்த வாஷிங் மெஷின் டைமரைத் தப்பாக மாட்டியிருக்கிறீர்கள் என்றேன். சொன்னது உண்மை, சொன்ன இடம்தான் தப்பு. பால் மணியடித்த அன்று என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த தடவை மணியடித்தபோது தொண்டையைச் செருமினார். மூன்றாவது தடவை வாயைத் திறந்தார்.

"வாசலுக்கு ஆள் யாரும் வரலேன்னாலும் நாம ரெண்டு பேரும் வந்துட்டோம். டீ ஆறுது மாஸ்டர்ஜி, உள்ள வாங்க."

போனேன் தம்பி. டீயும் முள்ளங்கிப் பராட்டாவும். டைமர் தப்புதான்னு அவரே ஒத்துக்கிட்டார். நான் இன்னொரு பராட்டா எடுத்துக்கிட்டேன். ஒரு வாரமா மணியடிச்சா ரெண்டு பேரும் மனக்கசப்பில்லாம ஒண்ணா டீ குடிக்கிறோம். இப்போ ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் வச்சுட்டா, அவர் மணி அவருக்கு, என் மணி எனக்கு. மனுஷன் மறுபடி வெளியே வருவாரோ மாட்டாரோன்னு மனசு அடிச்சுக்குது. ஆனாலும் தெரு நிம்மதியா இருக்கணுமே, அதனால அனுப்பு.

பிள்ளைகளுக்கு என் துஆவும் முத்தமும். பெரியவனை ஒழுங்காகப் படிக்கச் சொல்.

உன் அண்ணன்,
நியாமத்.

பின்குறிப்பு: இருபத்திரண்டு வேண்டாம், இருபது போதும். எந்த அளவு சுவிட்சு பொருந்தும் என்று பார்க்க ஹாஜி வீட்டு மணிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பேட்டரியே இல்லை. அவர் பேத்தி மெஹ்விஷ் காதோடு சொன்னாள்: "பரீட்சைக்கு வேணும்னு பேட்டரிய எடுத்து வச்சுட்டேன் மாஸ்டர்ஜி. ஒரு நாள்கூடப் போடல." அந்த மணி ஒரு தடவைகூட அடித்ததில்லை. மனுஷன் என் வீட்டு மணியைக் கேட்டுத்தான் எழுந்து வந்திருக்கிறார். பெட்டியை மூடிவிட்டு, உங்கள் மணியில் ஒரு குறையும் இல்லை ஹாஜி சாஹிப் என்று சொல்லிவிட்டு வந்தேன்.