அடுத்தவர் தட்டில் ஒரு கண்

மனிதர்களில் தட்டுப் பார்ப்பவர்கள் என்றொரு இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் எந்த மேஜையிலும் ஒருவராவது இருப்பார். தன் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் குனிந்து பார்த்துத்தான் சொல்வார். எதிர்த் தட்டில் என்ன இருந்தது, எது குறைந்தது, எது ஓரமாக ஒதுக்கப்பட்டது என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்.

இந்த இனத்தின் அசல் மாதிரி நம்முடைய தராசு மாமா. கடை கடையாக ஏறி இறங்கி, தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எடைக்கல்லில் ஒரு சுரண்டல் இருந்தாலும் தெருமுனையிலேயே மோப்பம் பிடித்துவிடுவார் என்று வியாபாரிகள் நடுங்குவார்கள். ஓய்வுக்குப் பிறகு சோதிக்க ஒரு தராசும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், அவர் வேளாவேளைக்குச் சாப்பிடப் போகும் கீழ் வீட்டுத் தங்கையின் மகளுக்கு நோய் வந்தது.

சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் நோய். கல்லூரிக்குப் போகிற பெண், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதியாகிவிட்டாள். டாக்டர் குடும்பத்தையே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "இது பிடிவாதம் இல்லைங்க, வியாதி. வேளாவேளைக்குச் சாப்பாட்டை முன்னால வைங்க, கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்க. ஆனா மேஜையில சாப்பாட்டைப் பத்தியும் உடம்பைப் பத்தியும் பேச்சே கூடாது. திட்டவும் வேணாம், பாராட்டவும் வேணாம்."

எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டியவர் மாமாதான்.

அன்று முதல் அவர் மேஜையில் வாயே திறக்கவில்லை. வாய் எதற்கு? அவள் ஸ்பூனை எடுத்தால் மூச்சைப் பிடிப்பார், அது வாய்க்குள் போனால் மூச்சை விடுவார், பாதி வழியில் நின்றுவிட்டால் தொண்டையைச் செருமுவார், ரொட்டித் தட்டை விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளிவிட்டு, அது தானாக நகர்ந்துகொண்டதுபோல மின்விசிறியைப் பார்ப்பார். தடை மேஜைக்குத்தானே, வாசலுக்கு இல்லையே? பார்சல் கொண்டுவந்தவரை நிறுத்தி, "உங்க வீட்டுப் பிள்ளைங்க நல்லா சாப்பிடுதுங்களா? எங்க வீட்ல ஒண்ணு இருக்கு பாருங்க..." என்று ஆரம்பித்துவிடுவார். அது உள்ளே கேட்கும். கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொல்வதும்.

ஒரு நாள் அவள் முகத்தில் லேசாகத் தெளிவு தெரிந்தது. மாமாவுக்குத் தாங்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டவளிடம், "இப்பதான் கண்ணு, கன்னம் வச்சு ஆளு பார்க்கிற மாதிரி இருக்கே!" என்று மனதாரச் சொல்லிவைத்தார். அன்று அவள் சாப்பிட அறையை விட்டே வரவில்லை.

தங்கை மாடிக்கே வந்துவிட்டாள். "அண்ணா, கன்னம் வச்சிருக்குன்னு சொன்னா அவளுக்கு அது திட்டு மாதிரி அண்ணா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், அவ தட்டைப் பார்க்காதீங்க."

"நான் எங்கம்மா பார்க்கறேன்? கண்ணு தானா போகுது."

பொய்யில்லை. சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்கு அந்தப் பெண் மேல் உயிர். ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை, கண்ணெதிரே கரைந்து போய்விடுமோ என்ற பயம் அவரைத் தின்றது. அந்தப் பயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், வேளாவேளைக்கு அவள் தட்டிலேயே கொண்டுபோய்ப் பரிமாறினார். அவளுக்கோ தன்னுடைய பயமே தொண்டையில் இறங்கவில்லை.

கடைசியில், கண்ணைக் கட்டிப்போட மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு மத்தியானம் மேஜையில் உட்கார்ந்ததும் பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டார். காய்கறிக் கடைக்காரர் ஒருவர் தராசுக்கு அடியில் பெரிய காந்தத்தை ஒட்டிவைத்திருந்தாராம். மாமா சோதிக்கக் குனிந்ததும், கையிலிருந்த இரும்புச் சாவிக்கொத்து பறந்துபோய் அதில் ஒட்டிக்கொண்டதாம்.

"அந்த ஆளு அசரவே இல்ல. 'பாருங்க சார், எங்க தராசுக்கு உங்க மேல எவ்வளவு பாசம்!'ங்கறான்."

அவள் சிரித்தாள். அந்த மேஜையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ மாதம். "நிஜமாவா மாமா?" என்று கேட்டபடியே ரொட்டியைப் பிய்த்தாள், சூப்பில் தோய்த்தாள், தின்றாள், "இழுத்தா வரலையா?" என்றாள், இன்னொரு துண்டைப் பிய்த்தாள். தங்கை தன் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு, நிமிர்ந்தால் எல்லாம் கலைந்துவிடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

"அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இழுக்கறோம்..." என்று சொல்லிக்கொண்டே போன மாமாவின் பார்வை இறங்கியது. ஆயுசு பூராவும் உத்தியோகம் பார்த்த கண் அல்லவா?

"அட! பாதித் தட்டு காலி!"

கையிலிருந்த ரொட்டித் துண்டு கீழே வந்தது. அதுவரை அவள் மறந்தே போயிருந்த தட்டை இப்போது அவளும் பார்த்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா மிச்சமிருந்த பாதியைப் பார்த்தார். அப்போதும் பார்த்தார்!

பொழுது சாய்ந்து மறுபடி மேஜையில் தட்டு வைத்தபோது, மாமா சுவரோரமாக, தன் தட்டை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வந்தாள். எதிர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சாவி கடைசியில வந்துதா இல்லையா மாமா?"

மாமா தன் சூப்பைப் பார்த்தபடியே கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை முடிக்கும்வரை கண்ணைத் தூக்கவே இல்லை.

சரி, அவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்றுதானே எட்டிப் பார்க்கிறீர்கள்? நினைத்தேன். மாமாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள். உங்கள் சூப் ஆறுகிறது.