லிங்கசாமி வீட்டு ஓப்பன் கிச்சன்

என் மனைவியை வேலைக்குப் போகாமல் தடுப்பது என்று முடிவெடுத்த அன்றைக்கே, வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டுவது என்றும் முடிவெடுத்தேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அங்கேதான் என் மூளை இருக்கிறது. அதாவது, இருந்தது.

வீரபாண்டியில் சின்னதாக ஒரு பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். பனியனில் பூ, புலி, கரடி எது கேட்டாலும் அச்சடித்துக் கொடுப்போம். மனைவி சாரதாமணி கல்யாணத்துக்கு முன்னால் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரிடம் பேசி, சாம்பிள் தைத்துக் காட்டி, அவர் வாயால் சரி என்று சொல்ல வைத்து, சரக்கைக் கப்பலேற்றுகிற வரை அவள் பொறுப்பு. பையன் கவின் பிறந்ததும் நின்றுவிட்டாள். இந்த வருஷம் அவன் கோயமுத்தூரில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான்.

ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள்.

"ஏனுங்க, வேலம்பாளையத்துல ஒரு கம்பெனில கூப்புடறாங்க. தீவாளி கழிச்சு வரச் சொல்றாங்க. போலாம்னு இருக்கறனுங்க."

வேண்டாம் என்றால் வம்பு. சரி என்றால் பட்டினி. "யோசிக்கலாம் சாரதா" என்றேன். யோசிக்கத்தான் செய்தேன்.

யோசனையைக் கொடுத்தது செல்போன். வரப்போகிற வருஷத்து வீட்டு அலங்காரம் பற்றி ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். வெள்ளை போய்விட்டதாம், இனி மண் நிறம்தானாம். மூலைகள் எல்லாம் வளைவாம். சமையலறைக்குச் சுவர் கூடாதாம். அலமாரிக்குக் கதவு கூடாதாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்படி ஒரு சமையலறையைக் கட்டிக் கொடுத்தால், அதை விட்டுவிட்டு எந்தப் பெண் வேலம்பாளையம் போவாள்?

"சாரதா, நம்ம கிச்சனை மாத்தீரலாம்னு பாக்கறேன்."

"எதுக்குங்க திடீர்னு?"

"இனி ஓப்பன் கிச்சன்தானாம். எல்லாம் உனக்காகத்தான்."

"எனக்காகவா?"

"ஆமா கண்ணு. நீ நிக்கற எடம் நல்லா இருக்க வேண்டாமா?"

தையல் விட்டுப்போன பனியனைப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரிங்க. ஆனா டிசைன் நான் சொல்றபடிதான்."

"தாராளமா" என்றேன். தாராளம் எப்போதும் எனக்கு ஆகாது.

கொத்தனாரோடு டிசைனர் மோனிஷா வந்தாள். சின்னப் பெண். கையில் ஒரு டேப், இன்னொரு கையில் கலர் அட்டை. சுவருக்கு அவள் காட்டிய நிறத்தைப் பார்த்து, "துவைக்காத பனியன் மாதிரி இருக்குதேம்மா" என்றேன்.

"அதுதான் சார் டிரெண்டு."

பிறகு சமையல் மேடைக்கு அளவெடுக்க வேண்டும், சமைக்கிறவர் வந்து நிற்கட்டும் என்றாள். சாரதாமணி கையில் டீ டம்ளர்கள்.

"ஏனுங்க, நீங்க போயி நில்லுங்க. கொத்தனாருக்கு டீ ஆறீரும்."

நின்றேன். காய் நறுக்குவது போல் கையை வைக்கச் சொன்னாள் மோனிஷா. வைத்தேன். முழங்கையை அளந்தாள். இடுப்பை அளந்தாள். மேல்தட்டுக்குக் கை எட்டுகிறதா என்று தூக்கச் சொன்னாள். தூக்கினேன். சட்டைக்கு அளவு கொடுப்பது போல எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சுவரை இடித்தார்கள். இடிந்தது சுவர். இடி விழுந்தது எனக்கு. அது தெரிவதற்கு வேலை முடிய வேண்டியிருந்தது.

வேலை முடிந்தது. வீடு படத்தில் பார்த்தது போலவே இருந்தது. சாரதாமணி முதல் காப்பியைப் போடப் போனாள். மேடை அவள் நெஞ்சு வரைக்கும் வந்தது. தோளைத் தூக்கிக்கொண்டு பாலைக் கலக்கினாள்.

"என்ன சாரதா, ஒசரமாத் தெரியுது?"

"ஆமாங்க, தோள்பட்டை கடுக்குது. நீங்க வந்து நில்லுங்க, பாக்கலாம்."

நின்றேன். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. வீட்டில் எல்லாம் மீடியம் சைஸ், மேடை மட்டும் எக்ஸ்எல்.

"அந்தப் புள்ள தப்பா அளந்திருச்சு" என்றேன்.

"இல்லீங்களே. சமைக்கறவருன்னு உங்களைத்தான அளந்துச்சு."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "எனக்கு எது எங்க இருக்குதுன்னே தெரியாதே."

அவள் கையை நீட்டிக் காட்டினாள். கதவில்லாத தட்டுகள். கண்ணாடி ஜாடிகளில் கடுகு, சீரகம், துவரம்பருப்பு, மிளகாய் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஏன் சாரதா, நான் எதுக்கு இதைக் கட்டறேன்னு மொதல்லயே தெரியுமா?"

"'உனக்காக'ன்னு நீங்க சொன்னப்பவே தெரிஞ்சுதுங்க." காப்பியை என் முன்னால் வைத்தாள். "வேலைக்குப் போக வேண்டாம்னு நேரா சொல்லியிருந்தா உக்காந்து பேசியிருப்பனுங்க. நீங்கதான் இடிச்சுப் பேசீட்டீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். காப்பியைக் குடித்தேன்.

தீபாவளி கழிந்தது. கழுத்தில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பியவளை வாசலில் நின்று பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போனபோது இருந்த முகம். அந்த முகம் எங்கே போயிருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு யூனிட்டிலிருந்து சீக்கிரமே வந்து ரசம் வைத்தேன். நடுவில் சந்தேகம் வந்து போன் செய்தேன்.

"சாரதா, புளி மொதல்லயா, தக்காளி மொதல்லயா?"

"மீட்டிங்குல இருக்கறனுங்க. பையர் உக்காந்திருக்காரு. அப்புறம் பேசறேன்."

இதே வார்த்தையை இத்தனை வருஷமாக நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கிற பக்கத்தில் நின்றால் அது வேறு மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் வந்தாள். கை கால் கழுவிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். கண்ணாடி டம்ளரில் ரசத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கரண்டியோடு நின்றேன்.

"உப்பு லேசாக் கம்மி. பூண்டு இன்னும் நசுங்கோணும்."

"சரி" என்றேன்.

மிச்சத்தையும் குடித்து முடித்து டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"சாம்பிள் ஓகேங்க. நாளைக்கிருந்து புரொடக்‌ஷன் ஆரம்பிச்சிருங்க."