அரைக் கிலோ கோபம்

டயர் கடைக்கு மேல் மாடியில் குழந்தைகளின் கோபத்தை எடை போட்டு இறக்குகிறார்கள் என்ற செய்தி பரவியதும், ஊரில் இருந்த அத்தனை பெற்றோருக்கும் தங்கள் பிள்ளை கோபக்காரப் பிள்ளை என்பது ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது.

விடிந்ததும் படிக்கட்டில் வரிசை நிற்கும். தரையில் புரண்டு அழும் பிள்ளை, தங்கச்சியைக் கடிக்கும் பிள்ளை, போனைப் பிடுங்கினால் கத்தும் பிள்ளை. போனைக் கையில் கொடுத்துப் பழக்கியவர்களே வரிசையில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் மட்டும் பரம சாதுவாகத் தெரிந்தான்.

"இவனுக்கு என்னங்க?"

"இப்போ ஒண்ணும் இல்ல. பின்னாடி வந்துடுமோன்னுதான்."

மாடியில் இருந்தவரை எல்லோரும் எடை ஐயா என்றார்கள். அதற்கு முன் அவர் என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளை அங்கி போட்டவரிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு அல்லவா? வீட்டுக்குக் குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவரிடம் நூறு கேள்வி கேட்பார்கள். பிள்ளையின் மண்டைக்குள் இருப்பதை ரிப்பேர் செய்கிறவரிடம் ஒரு கேள்வி கிடையாது.

அவருடைய முறை எளிமையானது. கூடத்தின் நடுவே நீலப் பாய். பாயின் மேல் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு. முகம் அகலத்துக்கு வட்டமும் முள்ளும் அதில் இருக்கும். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அங்கி தரையில் புரள, ஐயா உட்கார்ந்திருப்பார். குழந்தையை வெளியிலேயே தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியால் மூடித் தூக்கி வர வேண்டும். கோபக்காரக் குழந்தையின் பார்வை பட்டால் இறங்குகிற கோபம் ஐயாவின் மேல் ஏறிக்கொள்ளுமாம். போதாததற்கு ஐயா கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்வார். கிட்ட வந்து தொடவும் மாட்டார். குழந்தை வாயைத் திறக்கக் கூடாது.

முள் ஓர் இடத்தில் நிற்கும். ஐயா மணியடிப்பார், முனகுவார், "இறங்கு" என்பார். முள் நடுங்கிக்கொண்டே கீழே வரும்.

"அரைக் கிலோ போச்சு" என்று கூட்டம் பெருமூச்சு விடும். காரில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது.

எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனம் கடைசியில்தான் இருந்தது. "இனிமே குழந்தை அழக் கூடாது. அழுதா கோபம் திரும்பி ரெண்டு மடங்கா ஏறிடும். அப்படி அழுதா நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கணும். பாத்தீங்கன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல." குழந்தை அடங்கினால் ஐயாவின் சக்தி. அடங்காவிட்டால் பெற்றவர்களின் தப்பு. நஷ்டமே வராத வியாபாரம் என்றால் இதுதான்.

அந்த வரிசையில் வந்து நின்ற ஒரு தாயைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவளுக்கு ஒரு கம்பெனியில் புகார் போன்களை எடுக்கும் வேலை. முன்பின் தெரியாதவர்கள் நாள் முழுக்கத் திட்டுவார்கள். "உங்க சிரமம் புரியுது சார்" என்று குரல் உயராமல் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து சொந்த மகளிடம் அதைச் சொல்ல அவளிடம் மூச்சு மிச்சமிருக்காது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். கோபம் வந்தால் முதலில் கத்துவான், அப்புறம்தான் எதற்குக் கத்தினோம் என்று யோசிப்பான். மகளுக்கு ஆறு வயது. அடுக்குமாடியில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சைரன்.

முன்பெல்லாம் எப்போதாவது கத்துகிறவள், சில வாரங்களாகத் தினமும் கத்தினாள். கணக்கு வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போது ஒரு நாள் பென்சில் டப்பாவைத் தூக்கி எறிந்தாள். தலைமையாசிரியை பெற்றோரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ரெண்டே வழிதான். வேற ஸ்கூல் பாருங்க, இல்லேன்னா எடை ஐயாகிட்ட கூட்டிட்டுப் போங்க. என் அக்கா பையன் இப்போ எவ்வளவு அமைதி தெரியுமா? இருக்கிற இடமே தெரியல."

போனார்கள். துணிக்குள்ளிருந்து மகள் கேட்டாள். "அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியல. நீ எங்கே இருக்கே?"

"ஷ். பேசாதே."

அரைக் கிலோ இறங்கியது. இறங்கிய எடைக்குக் கேட்ட காணிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மகள் கத்துவதை நிறுத்திவிட்டாள். "பாத்தியா, எப்படி வேலை செய்யுதுன்னு" என்று லிஃப்ட் மெக்கானிக் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். அழுகை முட்டிக்கொண்டு வந்தால் மகள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொள்வாள். தாய் சொல்லிக்கொடுத்தபடியே மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். திருப்பிக்கொண்ட மூஞ்சியில் கண்ணீர் வழிந்தால் அதற்கு ஐயா விதி எதுவும் சொல்லவில்லை.

வகுப்பு டீச்சர் தாயைப் பள்ளி வாசலில் நிறுத்திப் பேசினாள். முப்பது பிள்ளைகளோடு தினமும் மல்லுக்கட்டித் தொண்டை கட்டிப்போன இளம் பெண் அவள்.

"உங்க பொண்ணு அமைதியா இல்லைங்க. அடங்கி இருக்கா. ரெண்டும் வேற வேற."

"கத்தறது நின்னுடுச்சே டீச்சர்."

"சட்டைக் காலரைப் பாருங்க, கடிச்சுக் கடிச்சு நார் நாராப் போயிருக்கு. ஐயாகிட்ட போயிட்டு வந்த பிள்ளைங்க என் வகுப்புல இன்னும் சில பேர் இருக்காங்க. ஒருத்தன் பாத்ரூம் போகணும்னுகூடக் கேக்க மாட்டேங்கிறான். அப்புறம் இன்னொண்ணு, இவ எப்பவும் இடது பக்கமா தலையைச் சாய்ச்சுக்கிறா. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவளுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலையில் படுக்கையை மடிக்கும்போது தலையணையில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. மோந்து பார்த்தாள். சீழ்.

காது டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. குழந்தை வலியில கத்தியிருக்கணுமே. யாரும் பாக்கலையா?"

தாய் பதில் சொல்வதற்குள் மகளே சொன்னாள். "அழுதா கோபம் டபுளா ஏறிடும்னு சொன்னாங்க டாக்டர். நான் அழவே இல்ல." அப்புறம் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். "நான் நல்ல பொண்ணுதானே அம்மா?"

மற்றவர்களின் புகாரையெல்லாம் பொறுமையாகக் கேட்டுப் பழகியவளால், தன் மகள் சொன்ன இந்த ஒன்றைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடாமல் காத்திருந்தார்.

வாய்ப்பாட்டை வகுப்பே சேர்ந்து உரக்கச் சொல்லும்போது அந்தக் காதுக்குள் என்ன நடந்திருக்கும் என்று இப்போது விளங்கியது. பென்சில் டப்பா பறந்ததில் அதிசயமில்லை. இத்தனை நாள் தாமதமாகப் பறந்ததுதான் அதிசயம்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மட்டும் விளங்கவில்லை. "அது வேற, இது வேற. காதை டாக்டர் பாக்கட்டும், கோபத்தை ஐயா பாக்கட்டும். முள் இறங்கினதை என் கண்ணால பாத்தேனே."

இதை அவள் டீச்சரிடம் வந்து சொன்னாள்.

"வேற தராசில நிறுத்துப் பாத்தீங்களா?"

"வேற தராசில கோபம் தெரியாதாம்."

டீச்சர் சிரித்தாள். "அப்படியா? அப்போ கோபமே இல்லாத ஒண்ணை அவர் தராசிலயே வெச்சுப் பாப்போம்."

சந்தர்ப்பம் தானாகவே வந்தது. பள்ளி முழுவதையும் ஒரே நாளில் சாந்தப்படுத்திவிடும் ஆசையில் தலைமையாசிரியை, எடை ஐயாவைப் பள்ளிக்கே வரவழைத்தார். கூடத்தில் நீலப் பாய் விரித்தாகிவிட்டது. நாற்காலி போதாமல் பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். முதல் வரிசையில் லிஃப்ட் மெக்கானிக்.

விளையாட்டுச் சாமான் அறையில் தாயும் டீச்சரும் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார்கள். குட்டிக்கரணம் அடிக்கப் பயன்படும் பழைய மெத்தையைச் சுருட்டிக் கட்டினார்கள். அதன் மேல் ஒரு கால்பந்தை வைத்து, மொத்தத்தையும் வெள்ளைத் துணியால் போர்த்தினார்கள். உட்கார்ந்திருக்கும் பிள்ளையாகவே இருந்தது. சொல்லப்போனால் நிஜப் பிள்ளைகளைவிட ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

இருவரும் தூக்கிவந்து தராசில் வைத்தார்கள். ஐயா கண்ணை மூடினார்.

"பையனா, பொண்ணா?"

"பையன்னே வெச்சுக்குங்க ஐயா."

"என்ன பண்றான்?"

"விளையாட விட்டா ஒரு இடத்துல நிக்க மாட்டான். எல்லாரும் போட்டு உதைக்கிறாங்க."

"உதைச்சா அழுவானா?"

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்."

"உள்ளேயே அடக்கி வெச்சிருக்கான்" என்றார் ஐயா, குரலைத் தாழ்த்தி. "ரொம்ப ஆபத்து. அப்பா வழிக் கோபம். தலைக்குள்ள காத்து மாதிரி ஒண்ணு அடைச்சுக்கிட்டு நிக்குது."

அந்த ஆள் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

மணி அடித்தது. முனகல் கேட்டது. "இறங்கு" என்றார். முள் நடுங்கியது, இறங்கியது. முக்கால் கிலோ. கூட்டம் பெருமூச்சு விட்டது. தலைமையாசிரியை கைதட்டக் கையைத் தூக்கினார்.

டீச்சர் துணியை இழுத்தாள். கால்பந்து குதித்து இறங்கி, முதல் வரிசைக் கால்களுக்கிடையே உருண்டு போனது.

பின்னால் நின்றவர்கள் எம்பிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு பையன், "கோபம் போனதும் எவ்வளவு ஜாலியா ஓடுது பாரு" என்றான். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

ஐயா கண்ணைத் திறந்தார். தலைமையாசிரியைதான் அவரைக் காப்பாற்ற முன்வந்தார். "ஒருவேளை, உதைச்ச பிள்ளைங்களோட கோபம் பந்துல ஏறியிருக்கும்." படித்தவர் என்பதால் விளக்கம் உடனே கிடைத்துவிட்டது.

"இருக்கலாம் மேடம்" என்றாள் டீச்சர். "ஐயா, கொஞ்சம் எழுந்து அந்த ஜன்னல் பக்கம் போய் நில்லுங்க. மறுபடி நிறுப்போம்."

ஐயா எழுந்திருக்கவில்லை. "நான் எழுந்தா இறங்கின கோபமெல்லாம் சிதறிடும். குழந்தைங்க இருக்கிற இடம்."

"எழுந்திருங்க" என்றான் லிஃப்ட் மெக்கானிக். எப்போதும் கத்துகிறவன், அன்றைக்குக் கத்தவில்லை. பந்தைக் காலுக்கடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, நேரே போய் நீலப் பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான்.

தராசின் அடியிலிருந்து ஓர் இரும்புக் கம்பி கிளம்பி, பாய்க்குக் கீழேயே வந்து, அங்கிக்குள் போயிருந்தது. அங்கியின் விளிம்பை விலக்கினால் கம்பியின் நுனியில் ஐயாவின் கால் கட்டைவிரல். அழுத்தினால் கோபம் ஏறும். எடுத்தால் இறங்கும். ஊரே வரிசையில் நின்று கும்பிட்ட சக்தி அந்த ஒற்றை விரலில் இருந்தது. அதன் நகத்தையாவது வெட்டியிருக்கலாம்.

"என் பொண்ணு காது வலியோட வாயைப் பொத்திக்கிட்டு இருந்தா" என்றாள் தாய். போனில் பேசும் அதே உயராத குரல். "உங்க கால்விரலை நம்பி நான் அவ மூஞ்சியைப் பாக்காம இருந்தேன்."

எடை ஐயா மணியை எடுத்து அங்கிப் பைக்குள் போட்டார். அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். வாசலில் காரில் வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கிலோவுக்குக் கொடுத்தவர்கள் அல்லவா, அவர்களுக்குக் கேட்க நிறைய இருந்தது. தராசை அப்படியே போட்டுவிட்டுப் போலீஸ் வண்டியில்தான் அவர் கிளம்பினார்.

சைரனின் காது ஆறியது. கோபம் ஒரேயடியாக ஓடிவிடவில்லை, அதுதான் நிஜம். இப்போதும் ஷூவை உதறுவாள், கத்துவாள். தாய் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, கத்தல் அடங்கும்வரை இருந்துவிட்டு, "உன் சிரமம் புரியுது. எதனாலன்னு சொல்றியா?" என்பாள். முதல் முறை கேட்டபோது மகள் ஷூ லேஸை இழுத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா கத்தினா வயித்துல என்னமோ பண்ணுது."

அப்பா காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து வாய் திறக்கும்போதே, "இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போய்விடுகிறான். சில நாள் அவன் குடிக்கும் தண்ணீருக்கு ஒரு குடம் போதாது. ஆனாலும் போகிறான்.

வகுப்பின் மூலையில் டீச்சர் ஒரு மெத்தை போட்டிருக்கிறாள். கோபமோ அழுகையோ வந்தால் யாரும் போய் உட்காரலாம்; சரியானதும் எழுந்து வந்து என்ன ஆயிற்று என்று சொல்லலாம். வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்லும் வழக்கம் போய்விட்டது. பள்ளி விட்ட பிறகு தலைமையாசிரியையும் ஒரு நாள் அந்த மெத்தையில் உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி.

ஊர் திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மாடி காலியான கொஞ்ச நாளில், அடுத்த தெருவில் ஒரு அம்மணி வந்திருக்கிறார். பிள்ளைகளின் பிடிவாதத்தைத் துணி அளக்கும் நாடாவால் அளந்து, கத்திரிக்கோலால் கத்தரித்து விடுகிறாராம். வரிசை இப்போதே முனை வரைக்கும் வந்துவிட்டது. நிற்கிறவர்கள் நில்லுங்கள். உங்கள் முறை வருவதற்குள், கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் ஒரு தடவை குனிந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குக் காணிக்கை கிடையாது. அதனால்தான் யாருக்கும் அதில் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.