மூக்குடைந்த சிங்கச் சோபா

அந்தச் சோபாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் முதுகு கிழிந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து கொஞ்சம் நாரும் ஒரு ஸ்பிரிங்கும், யார் வருகிறார்கள் பார்ப்போம் என்பதுபோல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சுவரோட ஒட்டிப் போட்டுட்டா யாரு பின்னால போய்ப் பாக்கப்போறா?" என்றார் சோபாக்காரர்.

"வர்றது பேங்க்காரங்க. அவங்க எதையும் பின்னால போய்த்தான் பாப்பாங்க," என்றாள் மனைவி.

அந்த வட்டாரத்தில் சோபா பழுதுபார்க்கிறவர் அவர் ஒருவர்தான். அதனால் அப்பா அம்மா வைத்த பெயர் மறந்து எல்லோருக்கும் அவர் சோபாக்காரர் ஆகிவிட்டார். வீட்டு முன்னறைதான் பட்டறை. ஊரில் உள்ள சோபாவெல்லாம் அங்கே வந்து படுத்துக் கிடக்கும். சொந்தமாகத்தான் ஒன்று கூடக் கிடையாது. அவர் மனைவி பதினெட்டு வருஷமாக ஒரு காலி பெயின்ட் டப்பாவின் மேல் மெத்தை தைத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருக்கிறாள். அதுவும் அவளே தைத்த மெத்தை.

இன்றைக்கு விஷயம் பெரிசு. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அந்தக் குடும்பத்தில் யாரும் எட்டிப் பார்க்காத படிப்பு. இந்த வாரக் கடைசிக்குள் கட்டணத்துக்கு வழி காட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மகள் இரண்டு பக்கமும் மனுப் போட்டிருந்தாள். ஒன்று, ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகை. திருப்பித் தரவேண்டாம். ஆனால் வீட்டில் கஷ்டம் இருக்கவேண்டும். இன்னொன்று வங்கியின் கல்விக் கடன். அதற்கு வீட்டில் கஷ்டம் இருக்கக் கூடாது. இரண்டு இடத்திலிருந்தும் வீட்டைப் பார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவும் ஒரே நாளில்.

"காலையில பேங்க்கு, மதியம் அறக்கட்டளை," என்று சோபாக்காரர் திட்டம் போட்டிருந்தார். "காலையில நாம வசதியா இருந்துக்கலாம். சாப்பிட்டதும் ஏழையாயிடலாம். நடுவுல சாமானைத் தூக்கிப் பின்கட்டுல போட எவ்வளவு நேரம் ஆகப்போகுது?"

மகள் சான்றிதழில் கையெழுத்து வாங்கக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "அப்பா, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. அது போதும்."

"நீ போம்மா. அப்பா பாத்துக்கறேன்," என்றார். அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் சாமியைக் கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

வசதியைக் காட்ட அவர் தேர்ந்தெடுத்தது அந்தச் சோபாவை. கைப்பிடி இரண்டிலும் சிங்கத் தலை செதுக்கிய பழைய தேக்குச் சோபா. ஒரு சிங்கத்துக்கு மூக்கு உடைந்திருந்தது. சோபாவுக்கு ஒரு கால் வேறு கிடையாது. யாரோ ஒரு பெரியவர் வேனில் ஏற்றி அனுப்பி நாலு மாதம் ஆயிற்று. ஒன்றுவிட்டு ஒரு நாள் போன் பண்ணுவார். "நாளைக்கு ரெடி," என்பார் சோபாக்காரர். அந்தத் தொழிலில் அதைப் பொய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நாலு மாதத்தில் அவர் அதன்மேல் ஓர் ஆணி கூட அடிக்கவில்லை என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

இல்லாத காலுக்கு இரண்டு செங்கல்லை வைத்தார். கிழிந்த இருக்கையை மிச்சம் கிடந்த சிவப்பு வெல்வெட்டால் மூடி, குண்டூசி குத்தினார். பழுதுபார்க்க வந்திருந்த டாக்டர் வீட்டு நாற்காலிகளைச் சுற்றிப் போட்டார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு சோபாவில் ஜம்மென்று உட்கார்ந்து பார்த்தார்.

"எப்படி இருக்கேன்?"

"குண்டூசி குத்தலையா?" என்றாள் மனைவி.

"குத்துது."

"அப்ப முகத்தை அப்படி வச்சுக்காதீங்க."

கதவு தட்டப்பட்டது. வாசலில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், கையில் டேப்லெட்டோடு நின்றிருந்தார்.

"உங்க பொண்ணோட மனு விஷயமா வந்திருக்கேன். வீட்டைப் பாக்கணும்."

"வாங்க மேடம், வாங்க. உங்களுக்காகத்தான் காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்கோம். உக்காருங்க. நம்ம சோபாதான்."

அந்த அம்மாள் குண்டூசி இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். கையைக் கைப்பிடியில் வைத்தவர், சிங்கத்தின் உடைந்த மூக்கைத் தடவிப் பார்த்தார். குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சோபாக்காரரைப் பார்த்தார்.

"இது உங்க சோபாவா?"

"பின்னே? எங்க தாத்தா காலத்துது. பரம்பரைச் சொத்து."

அடுப்படி வாசலில் நின்ற மனைவிக்குப் புரையேறியது.

"இந்த மூக்கு?"

"எங்க பொண்ணு சின்னதுல பந்தை எறிஞ்சு உடைச்சுட்டா. குறி தப்பாது மேடம் அவளுக்கு. அப்பவே படிப்புல கெட்டி."

"ஓஹோ," என்று அந்த அம்மாள் டேப்லெட்டில் எதையோ தட்டினார்.

மனைவி டீ வைப்பதற்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான் சோபாக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியின் முதுகில் அவர் கையாலேயே சாக்பீஸில் எழுதியிருந்தது: 'டாக்டர். அவசரம்.'

அந்த அம்மாளும் படித்துவிட்டார். "இது என்ன?"

"அது... பொண்ணு எழுதினது. டாக்டர் ஆகணும்னு ஆசை."

"அவசரம்னு போட்டிருக்கே?"

"சீக்கிரம் ஆகணும்னு."

"மனுவுல கணிதம் படிக்கப்போறதா இருக்கு."

சோபாக்காரர் நாற்காலியின் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "அந்த அவசரத்துலதான் மேடம், மாத்திக்கிட்டா."

மனைவி உள்ளே போய்விட்டாள். இனிமேல் அங்கே நின்றால் தனக்கும் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆக, வீட்டுல நல்ல வசதி."

"ஒரு குறையும் கிடையாது மேடம். யார்கிட்டயும் ஒரு பைசா கடன் கிடையாது. கடன்காரன் முகம் எப்படி இருக்கும்னே எங்களுக்குத் தெரியாது."

"ரொம்ப சந்தோஷம். அப்ப உதவித்தொகை தேவையில்லைன்னு எழுதிடட்டுமா?"

சோபாக்காரருக்கு ஒரு கணம் காது அடைத்தது. "உதவித்தொகையா? நீங்க... பேங்க் இல்லையா?"

"நான் அறக்கட்டளைலேருந்து வர்றேன். முதல்ல போன வீடு பூட்டியிருந்தது. அதான் இங்க சீக்கிரம் வந்துட்டேன்."

அவருக்கு மகள் வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் தாத்தாவை வேறு இழுத்துவிட்டாயிற்றே. அவரை எப்படித் திருப்பி அனுப்புவது?

"மேடம், நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் வெளியாளுக்குச் சொல்றது. நீங்க நம்ம ஆளு. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நாங்க ரொம்ப நொடிச்சுப் போனவங்க."

"அப்படியா? சோபா?"

"அது அடகுல இருக்கு."

"அடகு வச்ச சோபா உங்க வீட்டுலயே இருக்கே?"

"அவங்க வீட்டுல இடம் இல்ல."

அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நம் கஷ்டம் அவர் மனதைத் தொட்டுவிட்டது என்று சோபாக்காரருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சரியாக அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. அந்தப் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் குரல் கேட்கும். போடாமல் பேச வழியில்லை. எடுக்காமல் விடலாமென்றால், பதற்றத்தில் விரல் தானாகவே எடுத்துவிட்டது.

"என்னய்யா, மனுஷன்தானா நீ?" என்று அறை முழுக்க ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. "குடுத்து நாலு மாசமாச்சு. எப்பக் கேட்டாலும் நாளைக்கு, நாளைக்கு. திருப்பித் தர்ற எண்ணம் இருக்கா இல்லையா? இன்னிக்குச் சாயங்காலம் நானே நேர்ல வர்றேன் பாரு."

"நாளைக்குக் கண்டிப்பா," என்று சொல்லிப் பட்டென்று வைத்தார் சோபாக்காரர். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான், இதுவும் ஒரு விதத்தில் நல்லதற்குத்தான் என்று தோன்றியது.

"கேட்டீங்களா மேடம்? இதான் எங்க நிலைமை. கடன்காரர். விடிஞ்சா அடைஞ்சா இதே பாடுதான். ஈவு இரக்கம் இல்லாத கிழவர்."

"ரொம்ப மோசமானவரோ?"

"மோசமா? கல்லு மேடம். கல்லுக்காவது கொஞ்சம் ஈரம் இருக்கும். பெத்த பிள்ளைங்க அவர்கிட்ட எப்படித்தான் குப்பை கொட்டறாங்களோ."

அந்த அம்மாளின் தோள்கள் குலுங்கின. கைக்குட்டை முகம் முழுக்க ஏறிவிட்டது. அழுகிறார் என்றே சோபாக்காரர் நினைத்தார். இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லலாமா என்று யோசிக்கும்போது, அந்த அம்மாள் தாங்கமுடியாமல் பின்னால் சாய்ந்தார். செங்கல் நழுவியது. சோபா ஒரு பக்கமாகச் சரிய, குண்டூசிகள் சடசடவென்று தெறிக்க, வெல்வெட் சுருண்டுகொண்டு கீழே விழுந்தது. நாலு மாதமாகத் தொடப்படாத கிழிந்த பழைய துணி எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது.

மனைவி ஓடிவந்து அந்த அம்மாளைத் தூக்கிவிட்டாள். தன் பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து போட்டு, "இதுல உக்காருங்க. இது எங்களது. விழாது," என்றாள்.

சோபாக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், எங்களுக்குச் சோபாவே கிடையாது. நான் சோபா ரிப்பேர் பண்றவன். இங்க இருக்கறதெல்லாம் அடுத்தவங்க சாமான். தாத்தா சோபாவைக் கண்ணாலகூடப் பாத்ததில்ல. டாக்டர்னு எழுதினது நான். டாக்டர் வீட்டு நாற்காலி அது. போன்ல பேசினவர் கடன்காரர் இல்ல, பாவம், நியாயமான மனுஷன். நான்தான் அவருக்கு வேலை செஞ்சு குடுக்காம இழுத்தடிக்கிறேன்." "என் பொண்ணுக்கு எதுவும் தெரியாது மேடம். உள்ளதைச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா. அவ படிக்கணும். அந்த ஒரு ஆசைதான் எனக்கு. என் வாயால அவ படிப்பு கெட்டுடக் கூடாது."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பொண்ணு எங்க உக்காந்து படிப்பா?"

மனைவி உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். ஒரு பழைய சோபாவின் கைப்பிடிகள் இரண்டை நிறுத்தி, மேலே பலகை அடித்த மேசை. அதன்மேல் புத்தகங்கள். சுவரிலும், வெட்டிப்போட்ட துணியிலும், ஃபோம் துண்டிலும்கூடக் கணக்குப் போட்டிருந்தது. அந்த அம்மாள் ஒரு ஃபோம் துண்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் படித்துப் பார்த்தார். பிறகு டேப்லெட்டில் தட்டிக்கொண்டே முன்னறைக்கு வந்தார்.

"எழுதிட்டேன். குடும்பத்துக்குச் சொந்தமான சாமான்: பெயின்ட் டப்பா ஒண்ணு, மேசை ஒண்ணு. உதவித்தொகைக்குத் தகுதி உண்டு. நாளைக்கே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போயிடும்."

சோபாக்காரர் தரையிலிருந்து எழுந்திருக்க மறந்துபோனார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"மேடம், நம்பறீங்களா?" என்றார் அவர். "நான் பேசின லட்சணத்துக்கு, சோபா என்னுது இல்லைன்னு நானே சொன்னாக்கூட நான் நம்பமாட்டேனே."

"அது உங்களது இல்லைன்னு உக்காந்த உடனேயே எனக்குத் தெரியும்."

"எப்படி மேடம்?"

அந்த அம்மாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"அந்தச் சிங்கத்தோட மூக்கை உடைச்சது என் பையன், போன்ல பேசின கல்லு எங்க மாமனார், உதவித்தொகை நாளைக்குன்னா நாளைக்கே வந்துடும், எங்க சோபா எப்பங்க வரும்?"