எட்டு நிலைக்கண்ணாடிகளும் ஒரு பிக்கப் வண்டியும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கையும் நலம். வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை. அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். முழங்காலை முதலில் விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வருடமாக எனக்கு மூட்டுகளைத் தவிர வேறு சிந்தனை இல்லை.

கண்ணாடிக் கடைக்கு இந்தப் பிக்கப் வண்டியை வாங்கப் போன அன்று தாங்கள் அதை மூன்று முறை சுற்றி வந்து, டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "கண்ண மூடிக்கிட்டு எடுங்க மாப்ள, பத்து வருஷத்துக்கு பானெட்டத் தொறக்கவே வேணாம்" என்று சொன்னது நினைவிருக்கும். தாங்கள் சொன்னது பலித்துவிட்டது. இன்றுவரை பானெட்டைத் திறக்கவில்லை. கெட்டுப்போவதெல்லாம் வண்டிக்குக் கீழேதான். நாலாம் மாதம் பின்பக்க ஷாக் அப்சார்பர் எண்ணெயாகக் கசிந்தது. சர்வீஸ் சென்டரில் டை கட்டிய ஒருவர் இருக்கிறார், எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொல்வார். "ரோடு சரியில்ல சார்" என்றார். மாற்றிக் கொடுத்தார்கள். ஆறாம் மாதம் மூட்டுகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் தேய்ந்து, துருப்பிடித்த கதவை யாரோ ஓயாமல் திறந்து மூடுவதுபோல் வண்டி கிறீச்சிட்டது. "லோடு ஜாஸ்தி சார்" என்றார். அன்றைக்கு வண்டியில் நானும் என் குடையும் மட்டும்தான் இருந்தோம் என்றேன். அவர் என்னைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். எட்டாம் மாதம், கடை வாசலில் வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம். உள்ளே ஏதோ கண்ணாடிதான் போய்விட்டது என்று ஓடி, கடையில் உள்ள அத்தனையையும் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், பின்பக்க ஸ்பிரிங் பட்டை இரண்டாக உடைந்து கிடக்கிறது. "நின்னாக்கூட ஒடையுமாங்க?" என்று கேட்டேன். "நிக்கிறப்பவும் அதுமேல பாரம் இருக்குல்ல சார்." "அப்ப ஓடுனா?" "ஓடுறப்பவும் இருக்கும் சார்." பட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

தங்களுக்குத் தெரியாததல்ல, கண்ணாடி வியாபாரியின் பெயர் அவன் வண்டி குலுங்காதவரைதான். ஏற்கெனவே இரண்டு இடங்களில் ஓரத்தில் விரிசல் விட்ட கண்ணாடியை இறக்கித் தலைகுனிந்து திரும்பியிருக்கிறேன். இந்த நிலையில் நடனம் கற்றுத்தரும் டீச்சர் ஒருவர் தன் புதுக் கூடத்துச் சுவருக்கு எட்டு நிலைக்கண்ணாடி கேட்டார். ஒவ்வொன்றும் என்னைவிட உயரம். நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், ஒன்றில் விரிசல் விட்டாலும் வேறு கடைக்குப் போய்விடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். போன வியாழக்கிழமை எட்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். என்மேல் நம்பிக்கை இல்லாமல் தங்கள் தங்கையும் கூடவே ஏறிக்கொண்டாள். பாதி தூரத்தில் முன்சக்கரத்தில் 'டொக்' என்றது. பிறகு திருப்பத்துக்குத் திருப்பம் 'டொக்'. "சர்வீஸ் சென்டர் கேட் தெரியுது பாருங்க, உள்ள விடுங்க" என்றாள். விட்டேன். எங்களுக்குப் பக்கத்தில் நடந்துவந்த காவலாளி எங்களை முந்திக்கொண்டு போகும் வேகத்தில்தான் உள்ளே நுழைந்தோம். அங்கே, அவர்கள் காலையில் துடைத்துவிட்ட வெள்ளை டைல்ஸ் தரையில், முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பால் ஜாயிண்ட் கழன்று, சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்து, வண்டி ஒரு காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. கண்ணாடிகள் ஒரு சாண் சரிந்தன. கயிறு தாங்கியது.

டை கட்டியவர் வந்தார். பழக்கத்தில் "ரோடு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

தங்கள் தங்கை நிதானமாகக் கீழே இறங்கினாள். "சொல்லுங்க தம்பி. ரோடு என்ன?"

ஒரு மனிதர் தன் சொந்தத் தரையை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. அதற்குள் அவள் அங்கே நின்றிருந்த, அவர்கள் உதிரிபாகம் ஏற்றிவரும் வண்டியைக் காட்டி, "கண்ணாடிய அதுல ஏத்துங்க" என்றாள்.

"அது வேற கம்பெனி வண்டி மேடம்."

"அதனாலதான் சொல்றேன்."

மெக்கானிக்குகள் ஆறு பேர் தூக்கி ஏற்றினார்கள். அந்த வண்டி அலுங்காமல் குலுங்காமல் போயிற்று. அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எதிரி வீட்டு விருந்தை ருசித்துச் சாப்பிடுவதுபோல் கூச்சமாகவும் இருந்தது. நாலுக்குக் கால் மணி இருக்கும்போது எட்டையும் சுவரில் நிறுத்தினோம். ஒரு கீறல் இல்லை. "உங்க வண்டி ரொம்ப நல்ல வண்டிங்க" என்றார் டீச்சர். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

சர்வீஸ் சென்டரில் இரண்டு பக்க பால் ஜாயிண்டையும் மாற்றி, 'பாகத்தில் குறை' என்று முதல் தடவையாக எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஒரு வருடம் அலைந்து வாங்கிய வாசகம். சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். வண்டியின் பின்னால் 'விற்பனைக்கு' என்று அட்டை ஒட்டியாயிற்று. இந்த முடிவில் மாற்றமில்லை. தாங்கள் தயவுசெய்து தங்கையிடம் போனில் பேசி அவள் மனதைக் கலைக்க வேண்டாம். இனிமேல் யாருடைய டயரையும் காலால் தட்டவும் வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும், முழங்காலுக்கு ஓய்வையும் தரவும்.

தங்கள் அன்பு மறவாத,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மரச்சாமான் வியாபாரி ஒருவர் வண்டியைப் பார்க்க வந்துவிட்டார். குனிந்து அடியில் எட்டிப் பார்த்து, "இந்த வண்டிக்குக் கீழ்ப்பக்கம் வீக்குன்னு சொல்றாங்களே?" என்றார். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, மச்சான். "யாருங்க சொன்னது? இஞ்சினக் கேட்டீங்களா நீங்க?" என்று வண்டியைக் கிளப்பி, அரைமணி நேரம் அவரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் கேட்க வைத்தேன். அவருக்கும் பிடித்துப்போய்ச் சாவிக்குக் கையை நீட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கொடுக்கிறதா இல்லீங்க" என்றேன். "அப்ப அந்த அட்டை?" என்றார். "அது போன வாரத்து அட்டைங்க" என்று கிழித்துவிட்டேன். தங்கள் தங்கை சன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருக்கிறாள். தங்கள் ஊர் பஸ்ஸுக்குத்தான் என்று நினைக்கிறேன்.