கிரேஸின் கல்யாணப் புடவையும் தானே கழுவிக்கொள்ளும் ஃபில்டரும்

பதினெட்டு வருஷம் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவளுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. இது என் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். திருத்திக்கொள்ளும் உத்தேசம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

வேலையை விட்டுவிட்டு கிழக்குத் தாம்பரத்தில் டிரை க்ளீனிங் கடை போட்டேன். துணியைத் தண்ணீரில் போடாமல் சால்வென்ட் என்கிற திரவத்தில் அலசும் மெஷின். அலசிய சால்வென்ட்டில் இருக்கும் அழுக்கைப் பிடித்துவைக்க ஒரு ஃபில்டர். எப்பேர்ப்பட்ட ஃபில்டர் தெரியுமா? பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் தட்டுகள் கிறுகிறுவென்று சுழன்று, ஒட்டியிருக்கும் அழுக்கைத் தாமே உதறிவிடும். சேலையூரிலிருந்து பெருங்களத்தூர் வரை ஒருவர் பாக்கியில்லாமல் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். (எங்க வீட்டுல சாப்பிட்ட தட்டைக்கூட யாரும் கழுவி வைக்க மாட்டாங்க. ஒரு ஃபில்டர் இவ்வளவு பொறுப்பா இருந்தா பெருமை வராதா?)

மெஷினை மாட்டிக்கொடுத்த மெக்கானிக் ஏழுமலை போகும்போது எச்சரித்தார். மீட்டரில் முள் சிவப்புக்கு வந்தால் ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே துணியை வெளியே எடுக்க வேண்டும், அழுக்கு சால்வென்ட்டைக் காய்ச்சும் பாய்லருக்குப் போக வால்வைத் திறக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பொத்தான். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். லேபில் எத்தனை பியூரெட்டைத் திருகிய கை இது!

ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கு நெற்றி எது என்று தேடினேன். வட்டமாக, பளபளவென்று, சரியான உயரத்தில் அந்த மீட்டர்தான் இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். லட்சணமாக இருந்தது. சாமிக்கு வைத்ததைத் துடைக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டேன். (பொட்டு வெச்சது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். வெச்ச இடம் வேணா தப்பா இருக்கலாம்.) சந்தனத்துக்குப் பின்னால் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு மாதம் யாரும் பார்க்கவில்லை.

ஸ்டெல்லா என்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் குப்பை கொட்டியவள். அவள் மகள் கிரேஸுக்குக் கல்யாணம். சர்ச்சுக்குக் கட்ட வெள்ளைப் பட்டு, வெள்ளி ஜரிகை. மேக்கப் ஒத்திகை பார்க்கிறேன் என்று அந்தப் பெண் அதன்மேல் க்ரீமைக் கொட்டிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் புடவை என் கையில். "வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல மைதிலி" என்றாள் ஸ்டெல்லா.

புடவையை மட்டும் போட்டு மெஷினை ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் சால்வென்ட் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அடைப்பு! அதனாலென்ன, தானே கழுவிக்கொள்ளும் ஃபில்டர்தானே? பொத்தானை அழுத்தினேன். துணியை எடுக்கவில்லை. வால்வைத் திறக்கவில்லை. தாம்பரத்தின் கோட்டும் பேண்ட்டும் கம்பளியும் ஒரு மாதமாக விட்டுப்போன அழுக்கு அத்தனையும் அந்தப் புடவை மேல் இறங்கியது. கதவுக் கண்ணாடிக்குள் முதலில் டீ நிறம், அப்புறம் கஷாய நிறம், அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை.

வெளியே எடுத்தபோது புடவை சாம்பல் நிறத்தில் இருந்தது. சாயம் போய்விட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றார் என் கணவர். வெள்ளைப் புடவையில் எந்தச் சாயம் போகும் என்று கேட்டேன். நானே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். ஆட்டோவில் வந்தாள், புடவையைப் பார்த்தாள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மெஷின் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வெளுத்தாதான் எழுந்திருப்பேன்."

அடுத்து ஏழுமலை வந்தார். "இன்னாக்கா இது, மீட்டர் கண்ணை மூடி வெச்சுகினு மெஷின் ஓட்டிகினு கீறீங்க?" தானே கழுவிக்கொள்ளும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நான் பாய்ந்தேன். "அது கழுவிக்கும்கா. எப்ப, எங்கன்னு நீங்கதான சொல்லணும்" என்றார். நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

சால்வென்ட்டை பாய்லரில் காய்ச்சி, வடித்து, சுத்தமானதில் மறுபடி அலச வேண்டும். ஒரு தடவைக்கே மணிக்கணக்கில் ஆகும். பெண்ணின் அம்மா என் கடையில் இருந்ததால் கல்யாண வீடே அங்கே வந்துவிட்டது. பூக்காரர் வந்தார், பிரியாணிக்காரர் வந்தார், வண்டலூரில் பஸ் இறங்கிய சொந்தக்காரர்கள் பெட்டியோடு வந்தார்கள். கல்யாண வீட்டுப் பரபரப்பை எடுக்க வேண்டும் என்று வீடியோக்காரரும் வந்து, நானும் ஏழுமலையும் சண்டை போடுவதை ஒன்றுவிடாமல் எடுத்தார்.

இரண்டாவது அலசலிலும் சாம்பல் முழுக்கப் போகவில்லை. "வெளுக்கலைன்னா கிரேஸ்கிட்ட நான் என்ன சொல்வேன்?" என்று ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போதுதான் பயந்தேன்.

மூன்றாவது தடவை எடுத்ததும் தெருவிளக்கு வெளிச்சத்துக்கு ஓடினோம். வெள்ளை! ஸ்டெல்லா மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தாள். அப்புறம் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, என் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. ஆனால் வீடியோ என் கடையில்தான் ஆரம்பிக்கிறது. முதல் பதினோரு நிமிஷம் மெஷின் சுற்றுகிறது, நான் விரலை நீட்டிக் கத்துகிறேன். வெட்டிவிடலாம் என்று எல்லாரும் சொல்லியும் ஸ்டெல்லா விடவில்லை. இன்றும் கிரேஸின் புகுந்த வீட்டில் யாராவது விருந்தாளி வந்து வீடியோ போட்டால், அவள் மாமியார் எழுந்துகொள்வாராம். "பொண்ணு வர நேரமாகும். அந்த டீச்சர் திட்டி முடிக்கறதுக்குள்ள நான் டீ போட்டுட்டு வந்துடறேன்."

போடட்டும், நன்றாகக் குடிக்கட்டும். அந்தப் புடவையை அழுக்காக்கியதும் நான்தான், வெளுத்துக் கொடுத்ததும் நான்தான். பதினோரு நிமிஷம் எனக்குக் கம்மி.