தாம்பாளத்தில் போன கழுதை

திண்டிவனம்
14-9-1985, சனிக்கிழமை

சிரஞ்சீவி மைத்துனன் அப்பாதுரைக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் விருத்தாசலம் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுதப் பேனா நகர மாட்டேன் என்கிறது. குவைத்தில் வெயில் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. இத்துடன் மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கோட்டக்குப்பத்து நண்பர் மூலம் கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. உன் அக்காளுக்குப் புடவை, எனக்குத் தைலம், எங்கள் பெண் அம்சவள்ளிக்கு சென்ட், எல்லாம் சரி. அடியில் ஒன்று இருந்ததே, சோப்புப் பெட்டி அளவில், நடுவில் கண்ணாடி வைத்து, இரண்டு பக்கமும் பொத்தான் வைத்து, அது என்னப்பா? நான் முப்பத்தோரு வருஷம் உழைத்து ரெவின்யூ இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். எந்தப் பொருளைக் கண்டாலும் இது எதற்கு உபயோகம் என்று கேட்டுப் பழகியவன். மேற்படி பொருளை நேரில் ஆய்வு செய்ததில் நான் கண்டதாவது: கண்ணாடிக்குள்ளே மாடியில் ஒரு குண்டுப் பொம்பளை நின்றுகொண்டு கோழி, குடை, பானை, மீன் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தெருவில் எறிகிறாள். கீழே தொப்பி போட்ட ஒருத்தன் கூடையோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடிப் பிடிக்கிறான். மூன்று சாமான் தவறினால் எங்கிருந்தோ ஒரு கழுதை வந்து அவன் பின்புறத்தில் ஓர் உதை விடுகிறது. அவ்வளவுதான். அவள் ஏன் எறிகிறாள், வீட்டைக் காலி செய்கிறாளா, புருஷனோடு சண்டையா? தெரியாது. கழுதை யாருடையது? அதுவும் தெரியாது. ஜெயித்தான் என்ற பேச்சே கிடையாது, எப்படி ஆடினாலும் கடைசியில் உதைதான். இந்த விளையாட்டைக் காசு கொடுத்து வாங்க உனக்கு எப்படி மனசு வந்தது?

அந்தப் பொருளைப் பார்த்துக்கூட நான் அவ்வளவு அதிர்ச்சி அடையவில்லை, உன் அக்காள் லட்சுமியம்மாளைப் பார்த்துத்தான் எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. அடுப்பில் கேப்பைக் களி அடிப்பிடித்துப் புகைகிறது, இவள் அம்மிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து “ஐயோ மீனு போச்சு, மீனு போச்சு” என்று கத்துகிறாள். அடுத்த வீட்டுக்காரி, மீன்காரி தெருவைத் தாண்டிப் போய்விட்டாள் என்று நினைத்துப் பாத்திரத்தோடு ஓடி வந்தாள். வந்தவளும் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். “இன்னாத்துக்குடி சிரிக்கிற, நீதான் தோத்துட்டியே” என்று கேட்டேன். “தோத்தாத்தாங்க கழுத வருது” என்கிறாள். இருபத்தெட்டு வருஷம் இந்த மனுஷியோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் அப்பாதுரை!

இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் நான் உனக்குக் கடிதம் எழுதியே இருக்க மாட்டேன். ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை அம்சவள்ளியைப் பெண் பார்க்க வளவனூரிலிருந்து வந்தார்கள். பையன் பெயர் சக்கரபாணி, விழுப்புரத்தில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அப்பா பெரியதம்பி கரும்பு விவசாயம், கறாரான மனுஷர், அவர் உட்கார்ந்தால் எதிரில் நாற்காலிகூட நிமிர்ந்து உட்காரும் என்று தரகர் எச்சரித்திருந்தார். இதற்கு முன் வந்த மூன்று இடமும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, போய்க் கடுதாசி போடுகிறோம் என்று போனவர்கள்தான். நம் வழக்கம் உனக்குத் தெரியும், மனசுக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றிக்கொள்வோம், தட்டில் வைத்துக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது. அந்தத் தட்டை உன் அக்காள் ஜோடித்து வைக்க வேண்டும். அவள் என்ன செய்தாள்? ஒரு கையால் வெற்றிலை அடுக்கிக்கொண்டு மறு கையால் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். வாசலில் கார் சத்தம் கேட்டதும் பதறிப்போய்ப் பொருளை வெற்றிலைக்கு அடியில் செருகிவிட்டு எழுந்து ஓடிவிட்டாள்.

பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. நான் சந்தோஷத்தில் தட்டை எடுத்து நீட்டினேன். பெரியதம்பி வாங்கின மாத்திரத்தில் வெற்றிலைக்குள்ளிருந்து பீப் பீப் பீப். மனுஷர் தட்டைக் கீழேயும் வைக்க முடியாமல் கையிலும் வைக்க முடியாமல், “இன்னாங்க இது, வெத்தலைக்குள்ளாற ஏதோ கத்துது!” என்று அலறினார். தரகர் மணைப் பலகை மேல் ஏறி நின்றுவிட்டார். சக்கரபாணிதான் வெற்றிலையை விலக்கி அதை எடுத்தான், எடுத்தவன் ஒரு பொத்தானை அமுக்கினான், கழுதை உதைத்தது. குடித்த காபி அவன் மூக்கு வழியாக வந்தது, அப்படி ஒரு சிரிப்பு. பெரியதம்பி எட்டிப் பார்த்தார், அவருக்கும் வந்தது. தலை குனிந்து நிற்க வேண்டிய நம் பெண் என்ன செய்தாள் தெரியுமா? “அந்தாண்ட பொத்தான அமுத்துங்க, கோழி அந்தப் பக்கம் வருது” என்று மாப்பிள்ளைக்கு வழி சொல்கிறாள்! எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் கிளம்புவதாக வந்தவர்கள் பன்னிரண்டு தாண்டித்தான் எழுந்தார்கள். பொருளும் அவர்களோடு காரில் போயிற்று. தட்டில் வைத்ததை எப்படிக் கேட்பது?

இரண்டு நாளில் முகூர்த்தத் தேதி குறித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் ஆறு நாளாகியும் மூச்சு விடவில்லை. வியாழக்கிழமை நானே விழுப்புரம் போய் பஸ் மாறி வளவனூர் போனேன். போனால், வாசலில் ஆட்கள் கரும்புக்குத் தண்ணீர் விடுவதா வேண்டாமா என்று கேட்க நிற்கிறார்கள், உள்ளே பெரியதம்பி கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்துப் பொருளை வைத்து ஆடிக்கினு இருக்கிறார். பக்கத்தில் ஜோசியர் கண்ணையன், பஞ்சாங்கத்தை மூடித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, “எம் மொற எப்ப வரும்?” என்று கேட்டுக்கினு இருக்கிறார். தேதி குறிக்க வந்த மனுஷர் அப்பா அவர், வந்து நாலு நாளாகிறது! நான் பேச்சை எடுப்பதற்குள் மேற்படி பொருள் தானாகவே உயிரை விட்டுவிட்டது. எத்தனை அமுக்கியும் அசைவில்லை. பெரியதம்பி முகம் கறுத்துவிட்டது. “பொண்ணு வூட்டுத் தட்டுல வந்த பொருளு, நம்ம வூட்ல வந்து அணைஞ்சு போச்சு. சகுனம் சரியில்லீங்க” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். ஜோசியரும் ஆமாம் போட்டார். நான் எந்த பஸ்ஸில் ஏறினேன், எப்படி வீடு வந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆவணி முடிய இன்னும் இரண்டு நாள்தான். புரட்டாசி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். அந்த மாசம் முடிவதற்குள் அவர்கள் மனசு மாறிவிடும். வேறு இடம் பார்க்கலாம் என்று அம்சவள்ளியிடம் ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் அழுதுகொண்டே, “மூணு தடவ வந்தவங்க முன்னால மரம் மாதிரி நின்னேன்பா. இவங்க வந்தப்பத்தான் நான் நானா இருந்தேன். மூக்குல காபி வந்ததுக்குக்கூட அவரு வெக்கப்படல. இந்த எடம் போச்சுன்னா எனக்கு வேற எடம் பாக்காதீங்க” என்றாள். பெற்றவன் வயிறு எப்படி எரியும் என்று நீயே யோசித்துக்கொள். நல்லபடியாகக் கூடி வந்த சம்பந்தத்தை ஒரு கழுதை உதைத்துத் தள்ளிவிட்டது. இனி இந்த மாதிரிப் பொருளை என் வீட்டு வாசப்படி மிதிக்க விடாதே. நான் அதைக் கையால் தொட்டவனுமில்லை, தொடப் போகிறவனுமில்லை.

திருவாமாத்தூர் ஈஸ்வரன் உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும். உன் அக்காள் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். என் கோபம் தீர்ந்ததும் நானும் விசாரிப்பேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
க. விருத்தாசலம்

பின்குறிப்பு, ஞாயிறு காலை: நேற்று இதைத் தபாலில் போடவில்லை. ஒட்டுவதற்கு முன் உன் அக்காள் வாங்கிப் படித்துவிட்டு, “வளவனூர்ல நடந்தத முழுசா எழுதுங்க, இல்லாட்டி எந் தம்பிக்கு நானே எழுதிடுவேன்” என்றாள். ஆகவே கீழ்க்கண்ட திருத்தத்தைச் செய்கிறேன். மேற்படி பொருள் உயிரை விட்டது என் கையில். பெரியதம்பி ஒரு மரியாதைக்கு, “நீங்களும் ஒரு வாட்டி ஆடுங்க” என்று நீட்டினார். காபி வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் வாங்கினேன். காபி வந்து ஆறிப்போயிற்று, பிறகு இலையும் போட்டார்கள். அவர் எடுத்தது 611 புள்ளி. நான் 734. அதை அவரிடம் காட்டத் திருப்பினேன், அணைந்துவிட்டது. சகுனம் என்று அவர் சொன்னது அதற்கு அப்புறம்தான்.

இன்று விடிந்ததும் முதல் பஸ்ஸில் பெரியதம்பியே வந்து இறங்கினார். மாப்பிள்ளை விழுப்புரத்தில் கடிகாரக் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டுப் பொருளைப் பிழைக்க வைத்துவிட்டானாம். “ஐப்பசி பதினாலு தேதி வச்சாச்சு, அது கெடக்கட்டும். எழுநூத்தி முப்பத்தி நாலுன்னீங்களே, யாரு சாட்சி?” என்று கேட்டார். சகுனம் என்னவாயிற்று என்று கேட்டேன். “வயித்தெரிச்சல்ல சொன்னதுங்க” என்றார். அம்சவள்ளி சமையல்கட்டில் சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், பந்தலில், இரு வீட்டார் முன்னிலையில் நானும் அவரும் ஒரே நேரத்தில் ஆடிப் பார்த்துவிடுவது என்று முடிவாகித் தட்டும் மாற்றிக்கொண்டோம். அதற்கு இன்னொரு பொருள் வேண்டும். ஆகவே மேலே எழுதியதை ரத்து செய்கிறேன். உனக்கு லீவு கிடைக்காவிட்டால் மனசை வருத்திக்கொள்ளாதே, தாய்மாமன் சடங்குக்கு நாங்கள் வேறு யாரையாவது உட்கார வைத்துக்கொள்கிறோம். பொருள் மட்டும் வந்து சேர வேண்டும்.